ஒரு முடிச்சு சிவப்பு, இரண்டு முடிச்சு பச்சை

என் வீட்டுக்காரர் தக்காளி வாங்கப் போனால் கடைக்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலால் அமுக்கி, மூக்குவரை கொண்டுபோய் முகர்ந்து, திரும்ப வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார். "இப்படி எல்லாத்தையும் நசுக்கிட்டுப் போனா மீதியை நான் யார் தலையில கட்டுறது சார்?" என்று ஒருநாள் அவன் கேட்டே விட்டான். கல்யாணமான புதிதில் எனக்கு இதில் பெருமைகூட இருந்தது. பொருள் தெரிந்து வாங்குகிற மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது மாதம் நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். வேலை முடிந்து ஓடிவந்தவர், அமுக்கிப் பார்க்க நேரமில்லாமல் ஒரு கிலோவை அப்படியே அள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

"என்னங்க, பாதிக்கு மேல காயா இருக்கே" என்றேன்.

பைக்குள் எட்டிப் பார்த்தார். "எது?" என்றார்.

காய்ச்சல் எனக்கா அவருக்கா என்று சந்தேகமே வந்துவிட்டது. தக்காளிகளைக் கட்டிலில் கொட்டி ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டேன். படிக்காமல் பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். பாதிக்குப் பாதி தப்பு. நீலம் தெரியும், மஞ்சள் தெரியும், வெள்ளை, கறுப்பு, சாம்பல் எல்லாம் தெரியும். சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் அவருக்கு ஒரே சேறு. "யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார். நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது.

இதில் என்ன பெரிய குற்றம் என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. எத்தனையோ ஆண்களுக்கு இருக்கிறதாம். அவர் தபால்காரராக இருந்திருந்தால் விஷயம் தக்காளியோடு போயிருக்கும். ஆனால் அவர் வேலை பார்த்தது பழைய சொகுசு கார்களுக்கு உள்வேலை செய்கிற பட்டறையில். சீட் கட்டுகிறவர் அவர். அதே பட்டறையில் தையல் மெஷினில் நான். அங்கேயே பார்த்து, அங்கேயே பேசி முடித்த கல்யாணம் எங்களுடையது.

பட்டறை பெரிய இடமொன்றும் இல்லை. மூன்று அறை, பின்னால் ஒரு கொட்டகை. முதல் அறையில் முழுத் தோல்களைச் சுருட்டி மரச்சட்டத்தில் அடுக்கியிருக்கும். அடுத்தது வெட்டுகிற மேஜை. மூன்றாவதில் ஆறு தையல் மெஷின்கள், ஆறு பெண்கள். கொட்டகையில் வண்டி நிற்கும், உள்ளே எல்லாம் உரித்து, வெறும் தகரமாக. அறுபது எழுபது வயதான வண்டிகள். கதவை அடித்துச் சாத்த வேண்டாம், தள்ளிவிட்டால் தானே போய் உட்காரும். அந்தச் சத்தத்துக்காகவே காசைக் கொட்டுகிறவர்கள் உண்டு.

இப்போது எல்லாரும் தோல் சீட் என்றால் வாயைப் பிளக்கிறார்கள். அந்தக் காலத்துப் பெரிய வண்டிகள் பலவற்றில் தோல் டிரைவருக்குத்தான். மழை வெயில் தாங்கும், துடைத்தால் போகும், ஓட்டுகிறவனுக்கு அது போதும் என்று விட்டுவிட்டார்கள். பின்னால் உட்காருகிற எசமானுக்கு மெத்தென்ற கம்பளித் துணி, நடுவில் கண்ணாடித் தடுப்பு. நான் முதன்முதலில் பிரித்த வண்டியில் டிரைவர் சீட்டுத் தோலில் ஓர் ஆளின் முதுகும் தொடையும் அப்படியே பதிந்திருந்தன. பின் சீட்டுத் துணியில் ஒரு சுருக்கம் இல்லை. யார் உழைத்தது, யார் உட்கார்ந்து போனது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தோலைத் தூக்கிப் போட எனக்கு மனசே வரவில்லை.

பிறகு வந்த வண்டிகளில் முன்னும் பின்னும் தோல். அப்போதுதான் கலர் பிரச்சினை ஆரம்பம். கம்பெனிகள் ஒரு அட்டையில் இருபது, இருபத்தைந்து தோல் துண்டுகளை ஒட்டிக் கொடுத்திருப்பார்கள். கறுப்பு வண்டிக்கு வெளிர் பழுப்பு சீட், கிரீம் வண்டிக்கு மெரூன், சாம்பல் வண்டிக்கு நீலம், அதிலும் தையல் ஓரத்தில் வருகிற பைப்பிங் மட்டும் வேறு கலர், தரைக் கம்பளம் அதற்குத் தோதாக. ஒரு கலருக்கு மாட்டு ரத்தம் என்று பெயர் வைத்திருக்கிறான் ஒரு புண்ணியவான். நம் வண்டிக்காரர்கள் அந்த அட்டையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைக்கக்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி, வண்டியில் முதலில் இருந்த அதே கலர்தான் வேண்டும் என்று வருகிறவர்கள். அறுபது வருஷத்தில் சீட் வெளுத்து, யாரோ அதன்மேல் கறுப்புச் சாயம் பூசி, அதுவும் உரிந்திருக்கும். அசல் கலர் எங்கே இருக்கும்? கைதாங்கியின் அடியில், தையலுக்குள் மடித்த ஓரத்தில், வெயில் படாத ஒரு விரல் அகலத்தில் இருக்கும். அதைப் பிரித்தெடுத்து அட்டையோடு பொருத்தி, சரியான தோலை எடுத்துக் கொடுக்கிறவர்தான் கலர் மாஸ்டர். எங்கள் பழைய மாஸ்டர் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சமயத்தில் ஒருவர் வண்டியோடு கறுப்பு வெள்ளை போட்டோ ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் சீட் தெரிகிறது, அவ்வளவுதான். எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். என் வீட்டுக்காரர் போட்டோவை வாங்கிப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், இருபத்தைந்தில் இரண்டைத் தொட்டு, "இதுல ஒண்ணு, இல்ல இது. வேற எதுவும் கிடையாது" என்றார். ஒன்று மெரூன், ஒன்று கரும்பச்சை.

எங்களுக்குக் கலர் கண்ணை மறைத்துவிடும். அவருக்கு அந்தத் தொந்தரவு இல்லை. எது எவ்வளவு இருட்டு, எது எவ்வளவு வெளிச்சம் என்று மட்டும் அவர் கண் பார்க்கும், மயிரிழை வித்தியாசத்தையும் பிடித்துவிடும். இது அவருடைய சொந்தச் சாமர்த்தியம். அதை நான் என்றைக்கும் இல்லை என்று சொன்னதில்லை.

"சரி, ரெண்டுல எது? சரியாச் சொன்னா மாஸ்டர் வேலை உனக்குத்தான்" என்றார் முதலாளி.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மெஷினில் தலையைக் குனிந்துகொண்டேன். "இன்னைக்கு வெளிச்சம் சரியில்ல, நாளைக்குச் சொல்றேன்" என்றார். வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி கெஞ்சினார். "நீ பக்கத்துல நின்னா போதும். நான் பார்த்துக்கறேன்." நானே கலர் மாஸ்டராகப் போகலாமே என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தையல் மெஷினை விட்டு ஒரு பெண் அந்த மேஜைக்குப் போனதாக எங்கள் பட்டறையில் சரித்திரம் இல்லை. மேலும் அப்போது எனக்கு அவர்மேல் ஆசை இருந்தது. வேறு காரணம் சொன்னால் பொய். மறுநாள் அந்த வண்டித் தகரத்தில் ஆணிக்கடியில் மாட்டியிருந்த ஒரு பழைய தோல் பிசிரைப் பார்த்து அவர் காதில் மெரூன் என்றேன், அவர் அதைச் சொல்லிக் கலர் மாஸ்டர் ஆனார்.

முடிச்சு என் யோசனைதான். ஒவ்வொரு தோல் வந்து இறங்கும்போதும் அதன் மூலையில் ஒரு துண்டை வெட்டி, ஓட்டை போட்டு, நம்பர் சீட்டோடு நூலில் கட்டித் தொங்கவிடுவது தையல் அறை வேலை. அதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சிவப்பு வகை என்றால் நூலில் ஒரு முடிச்சு. பச்சை என்றால் இரண்டு. பழுப்பு என்றால் மூன்று. அவருக்குத் தெரிகிற கலர்களுக்கு முடிச்சே கிடையாது. அவர் துண்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடிப்பார், நெற்றியைச் சுருக்குவார், கட்டைவிரல் மட்டும் நூலில் ஊர்ந்துகொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்கு மனிதர் தோலோடு பேசுகிறார் என்று தோன்றும். தக்காளி அமுக்கின அதே விரல்.

அப்படியே ஒன்பது வருஷம் ஓடியது. ஒரு தப்பு இல்லை. கறுப்பு வெள்ளை போட்டோவைப் பார்த்துக் கலர் சொல்கிறவர் என்று பேர் பரவி, எங்கெங்கிருந்தோ வண்டிகள் வந்தன. ஒரு பத்திரிகையிலிருந்துகூட வந்தார்கள். "எப்படி சார் இது?" என்று அந்தப் பெண் கேட்டபோது, என் வீட்டுக்காரர் தன் கண்ணுக்குக் கீழே ஒரு விரலை வைத்து, "எல்லாம் இதுதாம்மா" என்றார். நான் வாயில் நூலோடு பக்கத்தில்தான் நின்றேன். "இவங்க?" என்று அவள் என்னைக் காட்டிக் கேட்டாள். "தையல் செக்‌ஷன்" என்றார். வீட்டுக்காரி என்றுகூடச் சொல்லவில்லை. அன்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் எங்கள் பெண் அந்தப் பத்திரிகையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் காட்டி, அப்பாவைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதைப் பார்த்து, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் டாக்டரம்மாவின் வண்டி வந்தது. அவருடைய அப்பா ஓட்டிய நீளமான கறுப்பு வண்டி. அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம். இடையில் வைத்திருந்தவன் சீட் முழுக்கக் கறுப்புச் சாயம் அடித்து, அதுவும் பாளம் பாளமாக வெடித்திருந்தது. டாக்டரம்மாவே தேடி அதைத் திரும்ப வாங்கியிருந்தார். "உள்ள கரும்பச்சை. அப்பா பச்சை சீட்டுன்னு பெருமையா சொல்லிட்டே இருப்பார். அதே மாதிரி வேணும்" என்று சொல்லி, கைதாங்கிக்கு அடியில் கிடைத்த துண்டைக் காட்டினார். என் வீட்டுக்காரர் துண்டை வாங்கிக்கொண்டார். பச்சை என்று டாக்டரம்மாவே வாயால் சொல்லிவிட்டாரே, பாதி வேலை முடிந்தது.

நான் அப்போது அங்கே இல்லை. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள் என்று தகவல் வந்து, மூன்று வாரம் அவள் ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். போவதற்கு முன்னால் இருந்த தோல்களுக்கெல்லாம் முடிச்சுப் போட்டு வைத்துவிட்டுத்தான் போனேன். புதிதாக ஒரு லோடு வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

புது லோடுக்கு நூல் கட்டியவள் என் பக்கத்து மெஷின்காரி. தடித்த கண்ணாடி போடுவதால் சோடாபுட்டி என்று கூப்பிடுவோம், அவளும் சிரித்துக்கொள்வாள். வம்புதும்புக்குப் போகாதவள். நான் கட்டுவதைப் பல வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாள். சில துண்டுக்கு முடிச்சு உண்டு, சிலதுக்கு இல்லை. அது தோலின் தரத்துக்கு அக்கா வைக்கிற அடையாளம் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். அக்கா இல்லாத நேரத்தில் அக்கா வேலை கெட்டுப்போகக் கூடாது என்று, தழும்பு இல்லாத நல்ல தோலாகத் தேடித் தடவிப் பார்த்து, அதற்கு இரண்டு முடிச்சுப் போட்டாள். அது மெரூன்.

என் வீட்டுக்காரர் டாக்டரம்மாவின் பச்சைத் துண்டை வைத்து இருட்டை அளந்தார். அதே அளவு இருட்டில் ஒரு தோல், நூலில் இரண்டு முடிச்சு. நம்பரை எழுதி வெட்டுகிறவரிடம் கொடுத்துவிட்டார். வெட்டுகிறவருக்கு நம்பர் போதும். வண்டிக்கு என்ன கலர் கேட்டார்கள் என்று மாஸ்டரைத் தவிர யாருக்குத் தெரியும்? மெரூன் என்று நினைத்தே எல்லாரும் வெட்டினார்கள், தைத்தார்கள், கட்டினார்கள். நான் ஊரிலிருந்து திரும்பியது வண்டி கொடுப்பதற்கு முந்தின நாள். கைதாங்கி உறை மட்டும் பாக்கி இருந்தது. அதை நானே தைத்தேன். நல்ல தோல், தையல் வெண்ணெயாக இறங்கியது. எனக்கும் ஒரு சந்தேகம் வரவில்லை.

மறுநாள் காலை டாக்டரம்மா வந்து பின் கதவைத் திறந்தார். உள்ளே குனிந்து சீட்டை ஒருமுறை தடவினார்.

"இது எங்க அப்பா வண்டி இல்ல" என்றார்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். ஏதோ அழுகை வந்து சொல்கிறார் என்று நினைத்திருப்பார். "ஏம்மா, பச்சைதானே கேட்டீங்க? பச்சைதானே போட்டிருக்கு?" என்று சீட்டைக் காட்டினார்.

ஊரறிந்த கலர் மாஸ்டர் மெரூன் சீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு பச்சை என்கிறார். முதலாளி அவரைப் பார்க்கிறார், வெட்டுகிறவர் அவரைப் பார்க்கிறார். நான் தையல் அறை வாசலில் நின்றிருந்தேன். அவர் கண் நேராக என்னிடம் வந்தது. சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, சிவப்பு என்றேன்.

பிடித்துக்கொண்டார். அதில் மனிதர் கெட்டிக்காரர். "இல்ல, நான் பச்சைதானே எழுதிக் கொடுத்தேன்னு சொல்றேன். இது எப்படிச் சிவப்பா வந்துச்சு?" என்று வெட்டுகிறவர்மேல் பாய்ந்தார். வெட்டுகிறவர் நம்பர் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினார், என் வீட்டுக்காரர் கையெழுத்து. முதலாளி தோல் அறைக்குள் போய், அந்தத் துண்டை நூலோடு எடுத்து வந்தார்.

"இது என்ன முடிச்சு?"

சோடாபுட்டி முன்னால் வந்தாள். "நான்தான் சார் கட்டினேன். அக்கா எப்பவும் கட்டுற மாதிரியே..."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ எதுக்கு முடிச்சு போடுற?"

உண்மையைச் சொன்னால் அவர் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் என் பிழைப்பு, இல்லையென்றால் அந்த அப்பாவியின் பிழைப்பு. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். உண்மை முழுவதையும் சொல்லும்படி நான் கேட்கவில்லை. "தப்பு என்மேல, சரியா பார்க்காம விட்டுட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்து வருஷத்தில் ஒரு தப்பு, முதலாளி மன்னித்திருப்பார். அவர் முகத்தைப் பார்த்தபடியே நின்றேன்.

அவர் முதலாளி பக்கம் திரும்பினார். "இது இவளாக் கொண்டுவந்த பழக்கம் சார். வேணாம்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். எங்கேயும் ஒரு தடுமாற்றம் இல்லை. மெஷினில் ஓட்டிய தையல் மாதிரி நேராக வந்தது.

"ஆமா சார், என் பழக்கம்தான்" என்றேன். நம்பர் சீட்டில் விளையாடுகிற இடமா இது, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் முதலாளி. என் சொந்தக் கத்தரி ஒன்று மெஷின் டிராயரில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு நடந்தேன். பதினைந்து வருஷமாக அந்த நேரத்தில் நான் அந்தத் தெருவைப் பார்த்ததில்லை.

சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், "ரெண்டு பேருக்கும் வேலை போயிருந்தா என்ன பண்ணியிருப்போம், நீயே சொல்லு" என்றார். நியாயம்தான். அந்த நியாயத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு பொய்யான சமாதானம் சொல்லியிருந்தால் நான்கு நாள் கத்திவிட்டு ஆறியிருப்பேன்.

ஐந்தாம் நாள் அவர் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் உள்ளே ஏழு தோல் துண்டுகள், நூலோடு. அவர் டப்பாவை மேஜையில் வைத்த கையோடு கை கழுவப் போய்விட்டிருந்தார். எடுத்துக் குப்பையில் எறிந்திருக்கலாம். எறியவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்.

"நான் கட்டித் தர்றேன். ஆனா ஒரே ஒரு ஆள்கிட்ட உண்மையைச் சொல்லணும். நம்ம பொண்ணுகிட்ட."

"சொல்றேன்" என்றார்.

பரீட்சை முடியட்டும் என்றார். முடிந்தது. காலேஜில் சேரட்டும் என்றார். சேர்ந்தாள். வேலை கிடைக்கட்டும், கல்யாணம் ஆகட்டும். எல்லாம் ஆனது. நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து பதினொரு வருஷம் முடிச்சுப் போட்டேன். எனக்குச் சம்பளம் இல்லை, பேர் இல்லை. நடுவில் ஒருநாள் எங்கள் பெண், கோபமாகக்கூட இல்லை, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "அம்மா, அன்னைக்கு நீ மட்டும் மாத்திக் கட்டாம இருந்திருந்தா அப்பாவுக்கு அந்தக் கெட்ட பேரே வந்திருக்காது." அவர் அப்போது எதிரில்தான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார். வாயைத் திறக்கப் போகிறார் என்று நினைத்தேன். சர்க்கரை கம்மி என்றார்.

டாக்டரம்மா வண்டிக்குப் பச்சைத் தோலில் திரும்ப எல்லாம் செய்து கொடுத்தார்கள். அந்தப் பச்சையை எடுத்துக் கொடுத்ததும் நான்தான், டப்பாவில் வந்த முதல் ஏழு துண்டில் ஒன்று அது.

போன வருஷம் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி, நாற்காலி போட்டு, ஒரு சின்ன விழா வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். பதினொரு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதித்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் முன் வரிசையில், நான் அவர்களுக்குப் பின்னால் இரண்டாவது வரிசையில். முதலாளி பேசினார், இப்படி ஒரு கண் இனி எந்தப் பட்டறைக்கும் கிடைக்காது என்றார். அப்புறம் மைக்கை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார்கள். வயதாகிவிட்டது, வேலை முடிந்துவிட்டது, இனி போக என்ன இருக்கிறது? பெண்ணும் எதிரில் இருக்கிறாள். இன்றைக்குச் சொல்லிவிடுவார் என்று நான் நம்பினேன். முட்டாள்தனம்தான், ஆனால் நம்பினேன்.

முதலாளிக்கு நன்றி சொன்னார். வெட்டுகிறவருக்கு, சீட் கட்டுகிறவர்களுக்கு, தோல் அனுப்புகிறவர்களுக்கு நன்றி சொன்னார். கடைசியில், "என் வீட்டுக்காரிக்கும் நன்றி சொல்லணும். ஒருநாள்கூடச் சாப்பாட்டு டப்பா லேட் ஆனதில்ல" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். என் பெண் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

பரிசாக ஒரு பெரிய கண்ணாடிச் சட்டம் கொடுத்தார்கள். பழைய கம்பெனி அட்டை மாதிரியே இருபத்தைந்து தோல் துண்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் நூலும் சட்டத்துக்கு வெளியே தொங்கும்படி செய்திருந்தார்கள். செய்தவள் சோடாபுட்டி. இப்போது அவள்தான் தையல் அறைக்குப் பெரியவள். என் வீட்டுக்காரர் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு நூல்களை விரலால் வருடினார். வருடிக்கொண்டே, "மெரூன். கரும்பச்சை. பழுப்பு" என்று வரிசையாகச் சொன்னார். "பாருங்க, குனிஞ்சுகூடப் பார்க்காம சொல்றார்" என்றார் முதலாளி. மறுபடியும் கைதட்டல்.

அந்த நூல்களுக்கு முடிச்சுப் போட்டது நான் இல்லை. எழுந்து பின்னால் போய் சோடாபுட்டியைப் பிடித்தேன்.

"முடிச்செல்லாம் சரியா போட்டிருக்கியே" என்றேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா. பச்சைதானே போட்டிருக்குன்னு அவர் கேட்டாரே, அப்பவே."

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நீங்களே சொல்லலையேக்கா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டத்தைக் கூடத்தில் மாட்டச் சொன்னார். மாட்டினேன். மறுநாள் காலை அவர் குளிக்கப் போனபோது என் கத்தரியை எடுத்து முடிச்சு இருந்த நூலையெல்லாம் ஒன்றுவிடாமல் முடிச்சுக்கு மேலே வெட்டினேன். வெட்டிய முடிச்சுகள் உள்ளங்கையில் ஒரு பிடிகூட வரவில்லை. ஜன்னல் வழியாகத் தட்டிவிட்டேன். அவர் வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சட்டத்தைப் பார்த்தார். பக்கத்தில் போய் ஒரு நூலைத் தொட்டார், இன்னொன்றைத் தொட்டார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஏன் வெட்டினாய் என்று கேட்டால் எதற்கு முடிச்சு என்று அவர் வாயால் வர வேண்டுமே.

போன ஞாயிற்றுக்கிழமை பெண் வந்தாள். புதிதாக ஒரு கார் வாங்கியிருக்கிறாள், சீட் கவர் போட வேண்டும். சட்டத்துக்கு முன்னால் அப்பாவை நிறுத்தி, மூன்றாவது வரிசையில் ஒரு துண்டைக் காட்டினாள். நல்ல கரும்பச்சை.

"அப்பா, எங்க வண்டி வெள்ளை. அதுக்கு இந்தக் கலர் எடுக்குமா? இதுக்குப் பேர் என்னப்பா?"

அவர் கை நூலுக்குப் போனது. அடியிலிருந்து நுனிவரை விரல் ஊர்ந்து, வெறுமனே கீழே வந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். கொட்டகையில் அன்று பார்த்த அதே பார்வை. நான் சமையலறை வாசலில் தக்காளியும் கத்தியுமாக நின்றிருந்தேன். என் உதடு அசையவில்லை. பெண்ணும் என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்க" என்றேன்.

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பெண்ணின் தோளைத் தட்டி, "இன்னைக்கு வெளிச்சம் சரியில்லம்மா, நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

அப்போது காலை பதினோரு மணி. கூடத்தில் இரண்டு ஜன்னலும் திறந்துதான் இருந்தன.